அம்மாவின் முகம் வந்த வருடம்

லாண்டரியில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துத் திருப்பி அனுப்பும் பெரிய லாண்டரி அது. ஈரம் முழுதாகக் காயாத விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சூடான உருளைக்குள் விடுவார்கள். மறுபக்கம் அது விறைப்பாக வெளியே வரும்போது வேறு இரண்டு பேர் பிடித்து மடிப்பார்கள். பம்பரம் மடிக்கிற பக்கம். ஒன்றை அடுக்கில் வைப்பதற்குள் அடுத்ததற்குக் கை நீண்டுவிடும். உருளை சற்று நின்றால் அந்த நேரத்தில் மேசையைத் துடைப்பாள், நூல் பிசிறுகளைக் கூட்டுவாள். மதியச் சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே முடித்துவிடுவாள்.

"உக்காந்தாத்தான் என்ன, நாற்காலி கடிச்சிடுமா?" என்பாள் கூட மடிக்கிறவள். லாண்டரியில் அவளுக்கு வாயாடி என்று பெயர்.

பம்பரம் சிரித்து மழுப்பிவிடுவாள். உட்காருவதற்கு அவளுக்குப் பயம் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

அவளுடைய அம்மா உட்கார்ந்தே இருந்தவள். சமையலறை ஜன்னலோரம் ஒரு நாற்காலி. கடும் வெயில் காலத்திலும் அப்பாவின் பழைய கம்பளிக் கோட்டைப் போர்த்திக்கொண்டு அதில் உட்கார்ந்திருப்பாள். முகம் ஊதி, இமைகள் தடித்து, குரல் ஆண்குரல் மாதிரி கரகரத்துவிட்டது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவர் அடுத்த அறைக்குப் போயிருப்பார். அடுப்பில் பால் பொங்கி வழியும், அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அப்பா லாரி ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அதனால் வீட்டுக் காரியங்களைத் தீர்மானித்தது அம்மாவின் அக்கா, பெரியம்மா. "வளத்துக்கிட்ட சோம்பேறித்தனம் இது. கொஞ்சம் கொஞ்சமா உடம்புல ஊறிப்போச்சு" என்பாள் பெரியம்மா.

அப்புறம் அம்மா இல்லாதவர்களோடு பேச ஆரம்பித்தாள். "அந்த மூலையில நிக்கிறது யாரு? உள்ள வரச் சொல்லு, பாவம், குளுருதில்ல" என்று காலி மூலையைக் காட்டுவாள். பம்பரத்துக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஆறு. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அம்மாவைப் பெரியம்மா மனநோய் விடுதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள். முதல் குளிர்காலத்தைக்கூட அம்மா அங்கே தாண்டவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து பம்பரம் ஓட ஆரம்பித்தாள். கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், லிஃப்ட் பழுது பார்க்கும் கணவர் நல்ல மனிதராக அமைந்தார். எல்லாவற்றினூடும் ஓடிக்கொண்டே இருந்தாள். எப்போதாவது அசந்து உட்கார்ந்து கை இரண்டும் மடியில் கிடப்பதைக் கண்டால், தேள் கொட்டியவள் போல எழுந்துவிடுவாள்.

நாற்பதைத் தாண்டிய ஒரு வருடம் அவளுக்குக் குளிர ஆரம்பித்தது. உருளைக்குப் பக்கத்தில் நிற்பவளுக்குக் குளிர்! மற்றவர்கள் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டிருக்க, அவள் சீருடைக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் குளியலறைச் சாக்கடையை அடைத்தது. கால் பாளம் பாளமாக வெடித்தது. உருளையிலிருந்து வரும் விரிப்பு அவளுக்காகக் காத்திருக்கவில்லை. அவள் கை நீளுவதற்குள் அது தரையில் சரிந்தது.

"என்ன பம்பரம், சாட்டையைத் தொலைச்சிட்டியா?" என்று வாயாடி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் சிரிப்பு முகத்துக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரமானது. அதை அவளே கவனித்தாள்.

லாண்டரியின் கழிப்பறையில் ரசம் போன கண்ணாடி ஒன்று உண்டு. ஒருநாள் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது அதில் அம்மா நின்றிருந்தாள். தடித்த இமைகள், ஓரங்களில் உதிர்ந்துபோன புருவம், மெழுகு பூசியது போன்ற கன்னம். பம்பரம் சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. மறுபடி கண்ணாடியைப் பார்க்கத் தைரியம் வராமல், ஈர முகத்தோடே வெளியே வந்துவிட்டாள்.

வீட்டில் எதையும் சொல்லவில்லை. சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பத்து வயதில் மனசுக்குள் விழுந்த முடிச்சு அது, அவிழ்க்க ஆளில்லாமல் அப்படியே இறுகிக் கிடந்தது. கணவர் கேட்டபோதெல்லாம் "வேலை அதிகம்" என்றாள்.

வேறு ஊரில் இருக்கும் தம்பியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவது வழக்கம். கொஞ்ச நாளாகத் தொண்டை கட்டியிருப்பதாகச் சொல்லி அதைத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பின், அவளே கூப்பிட்டாள்.

"தம்பி…"

மறுமுனையில் சத்தமே இல்லை.

"தம்பி, நான்தான்டா."

போன் வைக்கப்பட்டது. வெகுநேரம் கழித்து அவனே கூப்பிட்டான். அவன் மூச்சு வாங்குவது கேட்டது.

"அக்கா, நீதானா?"

"வேற யாரு? ஏன்டா வெச்சிட்ட?"

"இல்லக்கா… வேற குரல் கேட்டுச்சு. அம்மா கூப்பிட்ட மாதிரி இருந்துச்சுக்கா. அம்மா முகம்கூட எனக்குச் சரியா ஞாபகமில்ல. குரல் எப்படி ஞாபகம் இருக்குன்னே தெரியல. பயந்துபோய் வெச்சிட்டேன். நீ முதல்ல டாக்டரைப் போய்ப் பாரு."

தம்பியின் பயம்தான் அவளை மருத்துவமனைக்குத் தள்ளியது. அங்கேயும் "தொண்டை சரியில்ல" என்று மட்டும்தான் சொன்னாள்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். தொண்டையைப் பார்ப்பதற்கு முன்பே அவள் முகத்தை நெடுநேரம் பார்த்தார். கையைப் பிடித்துப் பார்த்தார், கழுத்தில் விரல்களை வைத்து "முழுங்குங்க" என்றார். நாற்காலியில் மண்டியிடச் சொல்லிக் குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது, திரும்பி வரத்தான் தயங்கியது.

"ரொம்பக் குளுருதா?"

"ஆமா. வெயில்லகூட கோட்டைப் போட்டுக்கிட்டு…"

"பேசுறது, நடக்கிறது எல்லாம் மெதுவாயிடுச்சா?"

"ஒரு கேள்வி கேட்டா பதில் வரவே வராது. பால் பொங்கினாலும் எந்திரிக்க மாட்டாங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரைப் பத்திச் சொல்றீங்க? நான் உங்களைத்தான் கேட்டேன்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. உடம்பு எந்த வேகத்துல ஓடணும்னு சொல்றது அதுதான். உங்களுக்கு அது சோம்பேறி ஆயிடுச்சு."

அந்தச் சொல் காதில் விழுந்ததும் பம்பரம் திடுக்கிட்டாள்.

"உங்களைச் சொல்லலம்மா, சுரப்பியைச் சொல்றேன். காலைல வெறும் வயித்துல ஒரு மாத்திரை. தண்ணியில முழுங்குங்க. அப்புறம் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாதீங்க. ஆயுசு பூரா போடணும். அப்பப்ப ரத்தம் பாத்து அளவைக் கூட்டுவோம், குறைப்போம்."

"ஒரு மாத்திரையா? அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்ப எங்கம்மாவுக்கும் இதுதானா டாக்டர்?"

"பாக்காத ஆளைப் பத்தி நான் சொல்லக் கூடாது. நீங்க சொல்றதை வெச்சுப் பாத்தா, இருந்திருக்கலாம். ரொம்ப வருஷம் கவனிக்காம விட்டா இல்லாதவங்க நிக்கிற மாதிரிகூடத் தோணும். ஆனா நிச்சயமாச் சொல்ல முடியாது."

மாத்திரை வேலை செய்தது. சில வாரங்களில் விரல் நுனிகளுக்குச் சூடு வந்தது. குரல் மேலேறியது. உருளையிலிருந்து வரும் விரிப்பைக் கை முந்திக்கொண்டு பிடித்தது. "சாட்டை கிடைச்சிடுச்சு போலிருக்கே!" என்றாள் வாயாடி. கணவர் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார்.

பம்பரம் மட்டும் சந்தோஷப்படவில்லை. கழிப்பறைக் கண்ணாடியில் ஒவ்வொரு நாளும் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருந்தது. முப்பது வருடமாக எந்த முகத்துக்குப் பயந்து ஓடினாளோ, அது வந்து எதிரே நின்று, அவள் உற்றுப் பார்ப்பதற்குள் போகிறது. அம்மாவின் புகைப்படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. பெரியம்மா எல்லாவற்றையும் அப்புறப்படுத்தியிருந்தாள். அதோடு இன்னொன்றும் அவளைப் பிடுங்கித் தின்றது. பட்டாணியைவிடச் சின்ன மாத்திரை. அது அம்மாவுக்குக் கிடைக்கவில்லை, எனக்கு மட்டும் எப்படிக் கிடைக்கலாம்?

ஒரு காலை மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு மாத்திரையைக் குழாயடியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். மறுநாளும் அப்படியே செய்தாள்.

உடனே ஒன்றும் ஆகவில்லை. பிறகு குளிர் வந்தது. அதைப் பழகிய விருந்தாளியைப் போல வரவேற்றாள். இமைகள் தடித்தன. யாரும் இல்லாத நேரத்தில் கண்ணாடி முன் நின்று அந்தக் கரகரத்த குரலில், அம்மா தன்னைக் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லிப் பார்ப்பாள். "குட்டிமா." கண்ணாடியிலிருந்தே அது வருவது போல இருக்கும். உடம்பு சிலிர்க்கும், ஆனால் நகரமாட்டாள். "சொல்லுங்கம்மா" என்று தன் குரலிலேயே பதில் சொல்ல முயல்வாள். அந்தப் பதிலும் அம்மாவின் குரலில்தான் வந்தது.

ஒரு விடுமுறை நாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். பால் மேலெழுவதைப் பார்த்தாள். எழுந்து அணைக்க வேண்டும் என்று தெரிந்தது. அந்த எண்ணத்துக்கும் காலுக்கும் நடுவே ஏதோ பெரிய தூரம் இருந்தது. பால் வழிந்து நெருப்பை அணைத்தது. கேஸ் நாற்றம் பரவியது. அப்போதும் அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

பதினாறு வயது மகள் ஓடிவந்து அடுப்பைத் திருகி மூடினாள், ஜன்னலை விரியத் திறந்தாள்.

"எந்திரிம்மா! கண்ணு முன்னாடி பொங்கி வழியுது, பாத்துக்கிட்டே உக்காந்திருக்க! உனக்கு என்னதான் ஆச்சு?"

சின்ன வயதில் அவள் தன் அம்மாவைப் பார்த்துக் கத்திய அதே சொற்கள். யாரும் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பம்பரம் நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. உதடு துடித்துக்கொண்டிருந்தது. பயந்துபோன குழந்தை முகம். அன்று நான் கத்தியபோதும் அம்மா பார்த்தது இதைத்தானா என்று நினைத்தாள். நினைத்ததும் நெஞ்சுக்குள் ஏதோ அறுந்து விழுந்தது.

"மாத்திரை எடுத்துட்டு வா" என்றாள்.

"இப்பவா? காலைல போடலயா?"

"ரொம்ப நாளாவே போடல."

மகள் கையிலிருந்து வாங்கி விழுங்கினாள். பிறகு, மெல்ல மெல்ல, வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு வாங்கியபடி, தன் அம்மாவைப் பற்றி முதல் தடவையாக மகளிடம் சொன்னாள். மகள் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து கேட்டாள். "நீயும் போயிடலாம்னு பாத்தியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். பம்பரத்தால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

உடம்பு தேறிய பிறகு தம்பியை வரவழைத்து, இரண்டு பேருமாகப் பெரியம்மாவைப் பார்க்கப் போனார்கள். பெரியம்மா படுத்த படுக்கைதான், ஆனால் காதும் நினைவும் தெளிவு. டாக்டர் சொன்னதை எல்லாம் தம்பி சொன்னான். பெரியம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"இப்ப வந்து சொன்னா நான் என்ன செய்ய?" என்றாள் எரிச்சலாக. அவர்கள் கிளம்ப எழுந்தபோது தானாகச் சொன்னாள்: "அன்னைக்கு அவ ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசல. வழி பூரா என் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தா. கை ஐஸ் மாதிரி இருந்துச்சு. நான் பயத்துலன்னு நெனச்சேன்." பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மகளுக்கும் தம்பிக்கும் ரத்தம் பார்த்தாயிற்று. மகளுக்கு ஒன்றும் இல்லை. தம்பிக்கு லேசாக இருக்கிறது, அவனும் மாத்திரை போடுகிறான்.

பம்பரம் இப்போது ஒருநாளும் தவறவிடுவதில்லை. வேலையில் பழைய வேகம் திரும்பிவிட்டது. ஆனால் வெளியே போகும்போது அவள் கண் சும்மா இருப்பதில்லை. எதிரே வருகிறவர்களின் புருவ ஓரத்தையும் கழுத்தையும் இமையையும் தேடிப் பார்க்கிறது. லாண்டரியில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி எப்போதும் தூங்கி வழிகிறாள் என்று அவளைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தாள். வாயாடி அதைச் சொல்லிச் சொல்லி இன்றுவரை சிரிக்கிறாள்.

சமீபத்தில் ஒரு மதியம், பேருந்தில் ஜன்னலோரம் நின்றிருந்தாள். நிறுத்தத்தின் இருக்கையில் ஒரு பெண் கொளுத்தும் வெயிலில் தடித்த சால்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். ஊதிய முகம். கூட வந்த ஆள் "எத்தனை தடவை கூப்பிடுறது?" என்று அவள் தோளைத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் நிதானமாகத் தலையைத் திருப்பினாள்.

பம்பரம் கூட்டத்தை முட்டித் தள்ளி இறங்குவதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் குதித்து, மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வந்தாள். இருக்கையில் யாரும் இல்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டாள், அவர் கவனிக்கவில்லை என்றார்.

வேலை முடிந்து வரும்போது இப்போதெல்லாம் அந்த நிறுத்தத்தில் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாள். அந்தப் பெண்ணை மறுபடி பார்க்கவே இல்லை.