வெளிவாசலைப் பார்த்த வான்

ஆக்லாந்திலிருந்து எரிமலை ஏரிகளைக் காட்ட என் குடும்பத்தை மட்டும் தனியாக அழைத்துப்போன வழிகாட்டி ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். இஸ்திரி கலையாத சட்டை. முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. எங்கே போனாலும், அவர் 'வான்' என்று சொல்லும் வேனைத் திருப்பி, வெளிவாசலைப் பார்த்தபடிதான் நிறுத்துவார். நாங்கள் ஏரியைப் பார்த்ததைவிட அவர் ரிவர்ஸ் எடுத்ததைப் பார்த்ததுதான் அதிகம். இதற்காகவா ஒரு நாள் லீவு போட்டேன்?

ஆவி பறக்கும் ஏரிக்கரையில் கேட்டேவிட்டேன்: "எரிமலை வெடிச்சா முதல் ஆளா ஓடுறதுக்காண்ணே?"

"இது புகைச்சு, மணத்து, சொல்லிப்போட்டுத்தான் வெடிக்கும், தம்பி. வானைத் திருப்பி விடுறது ஊர்ப் பழக்கம். அங்க குண்டு சொல்லிப்போட்டே விழுந்தது?"

பிறகு பிளாஸ்கைத் திறந்து, கொதிக்கும் ஏரிக்கு முன்னால் நிம்மதியாகத் தேநீர் குடித்தார். நான்தான் அடிக்கடி வானைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.