புளியங்கொட்டையும் புவியியலும்

போன செவ்வாய்க்கிழமை, திருப்பத்தூர் பஸ் வளைவெல்லாம் ஏறி ஜமுனாமரத்தூரில் வந்து நிற்பதற்குள், அதற்காகக் காத்து நின்ற எனக்குச் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. இந்த மலைக் காற்றில் வியர்ப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

பஸ்ஸில் வந்தது பத்தாம் வகுப்பு ரிசல்ட் போட்ட பேப்பர். ஒரே பேப்பர், சுற்றிலும் பதினைந்து தலை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு நம்பர்.

பரீட்சை எழுதியது நானில்லை. நானாக இருந்தால் பயந்திருக்க மாட்டேன் — ஃபெயிலாவது எனக்குப் பழக்கம். ஆசிரியர்களுக்கான இலாகா தேர்வில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியவன் நான் என்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும்.

நம்பர், என் வகுப்பு மாணவி வெள்ளையம்மாவுடையது. அவள் ஃபெயிலானால் அதற்குக் காரணம்... நான்தான்.

ஜனவரியில் ஒருநாள் அவள் விரல்களைப் பார்த்தேன். பத்தும் பழுப்பு.

"இன்னாம்மா இது?"

"புளி சார். மரம் உலுக்கியாச்சு. வூட்டுல எல்லாரும் கொட்டை எடுக்கிறோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மாதத்தில் பரீட்சை, இந்த நேரத்தில் புளியா? அவள் அப்பா சின்னசாமிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பெண்ணுக்கு எந்த வேலையும் தரக் கூடாது. தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். வீட்டில் ஒரு சத்தம் இருக்கக் கூடாது. எழுதி முடித்ததும் என் நல்ல மனதை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

சின்னசாமிக்கு எழுத்து வராது. எட்டாவது படிக்கும் மகன் முருகேசன்தான் கடிதத்தை ஊருக்கே கேட்கும்படி வாசித்துக் காட்டியிருக்கிறான்.

பிப்ரவரி திருப்புதல் தேர்வு வந்தது. அரையாண்டில் எல்லாப் பாடத்திலும் தேறியவள், இதில் ஒன்றில்கூடத் தேறவில்லை. என் புவியியலில் காவிரியை இமயமலையில் உற்பத்தி செய்து, அரபிக்கடலில் கொண்டுபோய் விட்டிருந்தாள்.

சனிக்கிழமை அவள் ஊருக்கு நடந்தேன். வீட்டுக்கு வெளியே, வெயிலில், மொத்தக் குடும்பமும் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தது. கல்லின் மேல் சாக்கை மடித்துப் போட்டு, சத்தம் வராமல் தட்டினார்கள்.

"உள்ள படிக்குதுங்க," என்றார் சின்னசாமி, கிசுகிசுப்பாக. "நீங்க எழுதின மாதிரியே. ஒரு மாசமா நாங்க வெளியதான் குந்திகினு கீறோம். பையன் கத்திக் கத்திப் படிப்பான், அவன ஓடைக்கு அந்தாண்ட அனுப்பிட்டோம்."

"மார்க் கொறஞ்சுபோச்சே..."

"அதான் எனக்கும் புரியலைங்க. வேலை செஞ்சப்போ பாஸாச்சு. வேலைய நிறுத்தினா ஃபெயிலாவுது." கொஞ்சம் யோசித்தார். "பாஸானா திருப்பத்தூருக்கு மேல்படிப்புக்கு அனுப்பலாம்னு இருந்தேன். ஏறலைன்னா இதோட வுட்டுடலாங்க. அவ மாமன் வூட்டுல பொண்ணு கேக்குறாங்க."

வெள்ளையம்மா வாசலுக்கு வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, புளியைப் பார்த்தாள்.

"கை சும்மா இருந்தா மனசு சும்மா இருக்க மாட்டேங்குது சார். எங்கியோ போய்டுது."

"அப்போ அரையாண்டுக்கு எப்படிம்மா படிச்சே?"

"அப்போ சாமை புடைச்சோம் சார்."

விஷயம் மெல்ல வெளியே வந்தது. அக்காவுக்கும் தம்பிக்கும் ஓர் ஒப்பந்தம். முருகேசனுக்குக் கத்தினால்தான் படிப்பு வரும், ஆனால் வேலை செய்ய உடம்பு வணங்காது. ஆகவே அவன் அக்காவின் புத்தகத்தையும் சேர்த்துக் கத்துவான். அவன் பங்குப் புளியையும் சேர்த்து அவள் கொட்டை எடுப்பாள். காதில் விழுவது விரல் வழியாக உள்ளே இறங்கிவிடும். இந்த அருமையான பள்ளிக்கூடத்தைத்தான் நான் ஒரே கடிதத்தில் இழுத்து மூடியிருந்தேன்.

நான் மட்டும் எப்படிப் படித்தவனாம்? நடந்துகொண்டே படித்தவன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். என்னோடு படித்த ஒருவனுக்கு எதையும் மூன்று தடவை எழுதினால்தான் ஏறும். இதெல்லாம் தெரிந்தும், வாத்தியார் ஆனவுடன் எல்லாரையும் கையைக் கட்டி வாயை மூடி உட்காரவைத்துவிட்டேன். சாக்பீஸைக் கையில் கொடுக்கும்போதே பழைய ஞாபகத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் போலிருக்கிறது.

"பொண்ணு புளி உடைக்கட்டும். பையனைக் கூப்பிடுங்க, கத்தட்டும்," என்றேன்.

சின்னசாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "கோச்சுக்காதீங்க சார். போன தடவ எழுதித் தந்தீங்க. இதையும் எழுதியே தந்துடுங்க. நாளைக்கி மாத்திப் பேசினா நாங்க இன்னா பண்றது?"

நியாயம்தானே? 'மேற்படி மாணவி தாராளமாகப் புளி உடைக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முருகேசன் ஓடிவந்து அதை வாசித்தான். எதிர் மலைக்குக் கேட்டிருக்கும்.

அப்புறம் எனக்கு ஒரு புதுப் பயம். பரீட்சை ஹாலில் புளிக்கு எங்கே போவாள்? ஒவ்வொரு நாளும் கேட்டுக்கு வெளியே நின்றேன். கடைசிப் பரீட்சை முடிந்து வந்தவளிடம் கேட்டே விட்டேன்.

"உள்ள கை சும்மா இருந்துச்சே, கஷ்டமா இல்லியாம்மா?"

"கையிலதான் பேனா இருந்துச்சே சார்," என்றாள். என்னை நினைத்து வருத்தப்படுவதுபோல் இருந்தது.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். தலைகளுக்கு நடுவே என் தலையையும் நுழைத்தேன். நம்பர் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் இருந்தது. டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இரண்டு மாதமாகப் பிடித்துவைத்திருந்த மூச்சு அங்கேதான் வெளியே போனது.

மறுநாள் காலை சின்னசாமி என் வீட்டுக்கு வந்தார். தலையில் ஒரு கூடை புளி.

"அடுத்த மாசம் திருப்பத்தூர்ல சேத்துடறேங்க. மாமன் வூட்டுக்கு இப்போ இல்லன்னு சொல்லியாச்சு," என்றவர், கூடையை இறக்கினார். "கொட்டை எடுக்கலைங்க. நீங்களும் ஏதோ பரிச்சையில தவறிகினே கீறீங்கன்னு புள்ளைங்க சொல்லுச்சு..."

இலாகா தேர்வு டிசம்பரில். இப்போதே ஆரம்பித்துவிட்டேன். அரைக் கூடை முடிந்தது. பாடம் ஒரு வரி ஏறவில்லை — வீட்டில் ரசம் மட்டும் பிரமாதம்.