ஏசிக் கேட்டேன், அம்மன் கொடுத்தாள்

என் மகள் தர்ஷினிக்கு வலது கை இருந்தும் இல்லாத மாதிரிதான். பிறந்ததிலிருந்தே உள்ளங்கை மூடிக் கிடக்கும். நாலு வயதாகியும் ஒரு ரொட்டித் துண்டைக்கூட அந்தக் கையால் எடுத்ததில்லை. எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒருத்தி சொன்னாள், போன ஜென்மத்துப் பாவமாம். எந்த ஜென்மத்தில் இவள் என் பிள்ளைகூட இருந்து பார்த்தாளாம்? மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது மழை பெய்தால் நல்லது என்று நினைப்பேன். அழுவது யாருக்கும் தெரியாது.

தைப்பொங்கல் கழிந்ததும் ராகலையில் பஸ் ஏறி பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே கை பழக்குகிற மிஸ் ஒருவர் இருந்தார். சிங்களவர், தமிழும் பேசுவார்.

"இதுக்கு மருந்து இல்ல அம்மா. வீட்டிலதான் வேல. நல்ல கைக்கு மேஸ் மாட்டுங்க. அப்ப மத்த கை வெளையாட வரும்."

மேஸ் என்றால் காலுக்குப் போடும் சாக்ஸ்தான். அதை இடது கையில் மாட்டிவிட்டு, வலது கையால் ரொட்டி மாவைப் பிசைய விட வேண்டும், ஈரத் துணியைப் பிழிய விட வேண்டும், கொடியில் உடுப்புக் கிளிப்பை மாட்ட விட வேண்டும். தினமும் கொஞ்ச நேரம், நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

முதல் நாள் மாட்டியதுமே பிள்ளை வீறிட்டாள். அடுத்த காம்பராவில் குடியிருக்கும் ராணியக்கா ஓடி வந்து மேஸைப் பிடுங்கி எறிந்தார்.

"பெத்தவளாடி நீ? புள்ளைக்கு இருக்கிறதே ஒரு கை. அதையும் கட்டிப் போடுறியே, நெஞ்சுல ஈரமே இல்லையா?"

ஈரமாம்! இந்த ஈரந்தான் என் பிள்ளையைக் கெடுத்தது. நான் வேலைக்குப் போனதும் ராணியக்கா ஊட்டுவார், மற்றவர்கள் தூக்கி வைத்துக்கொள்வார்கள், தண்ணீரைக்கூட வாயில் ஊற்றுவார்கள். பிறகு அந்தக் கை எதற்கு நீளும்? கொழும்பில் கடையில் நிற்கும் என் வீட்டுக்காரரும் போனில் கத்தினார்.

"லயமே காறித் துப்புது. நீ என்னா டாக்டரா? விட்டுத் தொலை."

மாசி முழுக்க இதே சண்டை. பிள்ளையின் கை மூடியபடியே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போனேன். கும்பிட இல்லை. சண்டை பிடிக்கத்தான்.

"நாலு கை வச்சிருக்க. என் புள்ளைக்கு ஒரு கை கேட்டா வாய மூடிக்கிட்டு ஒக்காந்திருக்க? நீயும் அவங்க பக்கந்தானா?"

பூசாரி பதறிப்போனார். "ஏம்மா, சாமிகிட்ட இப்படியா பேசுறது?"

"நீங்க சும்மா இருங்க பூசாரி. இது பொம்பளைங்க ரெண்டு பேரு பேச்சு."

மனம் ஆறும் என்று பார்த்தேன். ஆறவில்லை. போனதைவிடக் கூடுதல் கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். இடது கைக்கு மேஸை மாட்டி, மாவுத் தட்டை முன்னால் வைத்தேன். பிள்ளை கத்தினாள், உதைத்தாள். வெளியே ராணியக்கா கதவை இடித்தார். நான் அசையவில்லை. பிள்ளை கத்திக்கொண்டே மாவை அழுத்தினாள், பிசைந்தாள். பிறகு என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை! என் கோபம் அப்படியே அவள் முகத்தில் இருந்தது.

பளார் என்று அறைந்தாள்.

வலது கையால். விரல்கள் விரிந்திருந்தன. என் கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது.

"தாயே மகமாயி!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "இன்னொரு அடி அடிடி என் தங்கம்!" என்று கன்னத்தைக் காட்டினேன். அடித்தாள். கதவைத் திறந்து ராணியக்காவிடம் காட்டினேன். "எந்தக் கைடி? எந்தக் கை?" என்று கேட்டவர், கேட்டபடியே அழுதுவிட்டார்.

எனக்கு அமைதி வேண்டும் என்று அம்மன் நினைக்கவில்லை. அந்தக் கதவைச் சாத்துகிற கோபத்தைத்தான் கொடுத்து அனுப்பினாள். இப்போது தர்ஷினி ரொட்டியை அந்தக் கையால் பிய்க்கிறாள். பாதி தரையில் விழும். பெருவிரல் இன்னும் சரியாக நிமிரவில்லை. மேஸும் மாவும் நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் போனில் கேட்பது இப்போது ஒன்றே ஒன்றுதான்: "இன்னைக்கு யாரை அடிச்சா?"

இப்படிப் பிள்ளை வைத்திருக்கும் தாய்மாரே, அம்மனிடம் போங்கள். நயமாகக் கேட்க வராவிட்டால் ஏசியாவது கேளுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மாவைப் பிசைய விடுங்கள். மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். என் மகள் சாப்பிடும்போது பாவம் பார்த்து ஊட்ட வராதீர்கள். வந்தால் அவளே அடிப்பாள்.