பிடித்து வைத்த இடம்

தேனி பேருந்து நிலையத்தில் இன்று ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தார்.

கல்லூரி முதலாண்டில், மதுரையில் எனக்கு மதியத் தேர்வு. அப்பா அவசரத்தில் என் ஃபைலைப் போட்டு இடம் பிடித்தார். அதற்குள்தான் ஹால் டிக்கெட். பேருந்தோ எதிர்த்திசையில் கம்பம் போவது. நாங்கள் பலகையைப் படிப்பதற்குள் கிளம்பிவிட்டது.

ஆட்டோவில் விரட்டி வீரபாண்டியில் பிடித்தோம். உள்ளே நிற்கக்கூட இடமில்லை. அந்த இருக்கை மட்டும் காலி. பக்கத்து இருக்கைப் பெண் ஃபைல்மேல் கை வைத்திருந்தார்.

"ஆள் வருதுன்னு ஒருத்தரையும் உட்கார விடலைய்யா."

"மக மதுரைக்குப் பரிச்சைக்குப் போகணும்த்தா" என்றார் அப்பா.

"அப்பறம் எதுக்கு இங்கன எடம் போட்டீக? இம்புட்டுப் பேரும் என்னைய வையுறாக!"

ஃபைலோடு அதே ஆட்டோவில் தேனிக்குத் திரும்பி, மதுரைப் பேருந்து பிடித்து நான் தேர்வுக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்பா அந்த இருக்கையில் உட்கார்ந்து, வேலை ஏதும் இல்லாத சின்னமனூருக்கு டிக்கெட் எடுத்தார்.