கழுத்தில் கட்டிய பொத்தான்

எனக்குச் சிங்களம் தெரியும் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. தெஹியோவிட்டக் கடைத்தெருவில் விலை கேட்கத் தெரியும், விலை கூடுதல் என்றால் இரண்டு வார்த்தை திட்டத் தெரியும், எண்கள் தெரியும். அவ்வளவுதான் என் சிங்களம். எங்கள் தோட்டத்து லய வீடுகளில் அதுகூடத் தெரியாதவர்களே அதிகம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அங்கே நான்தான் துபாஷி. சிங்களத்துக்காரி என்று பட்டப்பெயர் வேறு. யாராவது அப்படிக் கூப்பிட்டால் கோபம் வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன்.

என் வீட்டுக்காரரின் தங்கைக்கு அப்போது பதினேழு வயது. பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் மாப்பிள்ளை பார்த்து, பரிசம் போடப் பேசி முடித்திருந்தோம். அடைமழை மாதம். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவள், நாலாம் நாள் காலையில் தேத்தண்ணியை வாயில் வைத்தாள். அது இடது பக்கமாக வழிந்து ரவிக்கையை நனைத்தது. பார்த்தால் முகத்தில் அந்தப் பக்கம் முழுக்கத் தொய்ந்திருந்தது. கண் மூடவில்லை, உதடு சேரவில்லை. வாயைத் திறந்தபடியே மூச்சு விட்டாள். சிரித்தால் பாதி முகம் மட்டும் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, "மொகம் சரியாகட்டும், பொறவு பேசுவோம்" என்று சொல்லிப் போனார்கள். அந்த வாய் நேராக வேண்டும் என்பதைத் தவிர வீட்டில் வேறு பேச்சே இல்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த தமிழ் மருந்தையா வேலையை விட்டுப் போயிருந்தார். புதிதாக வந்தவர் சிங்களவர். நாலு தோட்டத்துக்கு அவர் ஒருவரே, தமிழ் இன்னும் பிடிபடவில்லை. "நான் கூட்டிக்கிட்டுப் போறேன், எனக்குத்தான் பாஷை தெரியுமே" என்று நானே முந்திக்கொண்டேன்.

அன்று கொக்கிப்புழு மருந்துக்கு நின்ற வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. மருந்தையா அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். கன்னத்தை உப்பிக் காட்டி, அவளையும் உப்பச் செய்தார். ஒரு பக்கமாகக் காற்று போய்விட்டது. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பெரிய கறுப்புக் கோட்டுப் பொத்தானை எடுத்து, துளையில் தடித்த நூலைக் கோத்து முடிச்சுப் போட்டு அவள் கையில் கொடுத்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "பொத்தம கட்டே தியாகெனெ நூல அதின்ன."

எனக்கு மூன்று சொல் பிடிபட்டன. பொத்தம என்றால் பொத்தான். நூல என்றால் நூல். கட்டே என்றால் கட்டு. இதற்குமேல் என்ன வேண்டும்?

"என்ன அண்ணி சொல்றாரு?"

"கழுத்துல கட்டிக்கச் சொல்றாரு."

"ஆஸ்பத்திரியில தாயத்தா அண்ணி?" என்றாள் அவள். நியாயமான கேள்வி. அதை ஒரு தரம் யோசித்திருந்தால் போதும். "சிங்கள ஆளுங்க பன்சலைக் கோயிலுக்குப் போயிட்டுக் கையில நூல் கட்டிக்கிட்டு வாறதப் பார்த்ததில்லையா? ஒனக்கு என்னா தெரியும்?" என்று அதட்டி அவள் வாயை அடைத்தேன். மருந்தையா தன் உதடுகளை இறுக மூடிக் காட்டினார். அதற்கும் என்னிடம் பொருள் இருந்தது. "யாருகிட்டயும் சொல்லக் கூடாதாம்." பிறகு மூக்கைத் தொட்டு நீளமாக மூச்சு இழுத்துக் காட்டினார். "ஆவி புடிக்கணுமாம்." மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அது மட்டும் சரியாகப் புரிந்தது. எண் அல்லவா?

அன்று சாயந்தரமே குளிக்க வைத்து, விளக்கேற்றி, நானே மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன். அவள் அதை ரவிக்கைக்குள் மறைத்துக்கொண்டாள். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்கும்போதும் ரப்பர் மலையில் பால் வெட்டும்போதும் அவள் கை அடிக்கடி கழுத்துக்குப் போகும். கண் தானாகவே மூடத் தொடங்கியது. கன்னமும் கொஞ்சம் ஏறியது. உதடு மட்டும் சேரவில்லை. ஆட்கள் எதிரே வந்தால் முந்தானையால் இடது உதட்டோரத்தை மறைத்துக்கொள்வாள். என் முன்னால் மட்டும் மறைப்பதில்லை. "அண்ணிகிட்ட என்ன வெக்கம்" என்பாள். வழிய வழியத் தேத்தண்ணி குடித்துவிட்டுத் துடைத்துக்கொள்வாள்.

மூன்று மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கடைத்தெருவுக்குப் போனேன். கருவாட்டுக் கடை வாசலில் ஒரு சிங்களப் பெண், இடுப்பில் அழுதுகொண்டிருந்த பிள்ளையிடம் "கட்ட அரின்ன" என்றாள். பிள்ளை வாயைத் திறந்தது. கருப்பட்டித் துண்டை உள்ளே வைத்து "கட்ட வஹன்ன" என்றாள். பிள்ளை வாயை மூடியது.

மருந்தையா சொன்ன கட்டே நினைவுக்கு வந்தது. கடைக்கார நானாவிடம், "கட்டன்னா என்னாங்க நானா?" என்று கேட்டேன். "வாய் புள்ள. இவ்வளவு நாளாச் சிங்களத்துல சண்டை புடிக்கிற, வாய் தெரியாதா?" என்று சிரித்தார். பொத்தானை வாய்க்குள் வைத்துக்கொண்டு நூலை இழு என்றல்லவா அந்த மனுஷன் சொல்லியிருக்கிறார்! உதடு விடாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டும், மூக்கால் மூச்சு விட வேண்டும். செத்த உதட்டுக்கு உயிர் கொடுக்கிற வேலையை நான் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன். கருவாடு வாங்காமலே திரும்பினேன்.

அன்றே வீட்டில் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிங்களத்துக்காரி என்ற பெயர் போய்விடும். அந்தப் பெயருக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இதைவிடக் கேவலம் வேண்டுமா? அதற்கும் மேலே ஒன்று செய்தேன்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்தையா அவள் முகத்தைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார். தினமும் செய்தாளா என்று கேட்டார். இந்த முறை எனக்குப் புரிந்தது. அவள் நம்பிக்கையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்: "எயா கம்மெலியி." அவள் சோம்பேறி என்று. அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். அவர் அவளைக் கடிந்துகொண்டார். ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காகச் செய்திருந்தால் இதற்குள் உதடு சேர்ந்திருக்கும் என்கிற அளவுக்கு எனக்கும் பிடிபட்டது. தனக்கு ஏதோ நல்லது சொல்கிறார் என்று நினைத்து அவள் பாதி வாயால் சிரித்தாள், தலையை ஆட்டினாள்.

"என்ன அண்ணி சொல்றாரு?"

"நூறு நாள் கழுத்துல கட்டியாச்சில்ல. இனிமே வாயில வச்சு இழுக்கணுமாம்."

அவள் அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் செய்தாள். மலையிலிருந்து வந்து கால் கழுவியதும் பொத்தானை உதட்டுக்குள் வைத்து, நூலை இழுத்து, மூக்கால் மூச்சு விட்டு உட்கார்ந்திருப்பாள். அவளைப் போய்ச் சோம்பேறி என்றேன். உதடு ஓரளவு சேர்ந்தது. இடது ஓரம் மட்டும் கடைசிவரை சேரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேறிடத்தில் பெண் எடுத்தார்கள். நாலு வருஷம் கழித்து எங்கள் தோட்டத்திலேயே ஒருவருக்கு அவளை இரண்டாந்தாரமாகக் கொடுத்தோம்.

ஒரு பெண் பிள்ளை பிறந்தது. அதற்கு ஐந்து வயது இருக்கும்போது ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். பிள்ளை வாயைத் திறந்து மூச்சு விட்டபடி பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் அந்தக் கறுப்புப் பொத்தான். நூல் மட்டும் புதிது.

"எந்நேரமும் வாயாலதான் மூச்சு விடுறா அண்ணி. என்னாட்டம் ஆயிறக் கூடாதில்ல? அதான் மொதல்ல நூறு நாள் கழுத்துல. பொறவு வாயில. சரிதானே?"

"கழட்டு" என்றேன். உட்கார்ந்து சொன்னேன். ஆஸ்பத்திரியையும் கருவாட்டுக் கடையையும் சொன்னேன். சோம்பேறி என்று சொன்னதை அன்றும் சொல்லவில்லை. இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

அவள் பிள்ளையின் கழுத்திலிருந்து நூலை மெதுவாக அவிழ்த்தாள்.

"அது என்னா சொல்லு அண்ணி?"

"கட்டே."

"கட்டேன்னா?"

"வாயில."

"வாயில" என்று அவளும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். அழவில்லை, ஏசவில்லை. முந்தானையை எடுத்து இடது உதட்டோரத்தை மறைத்துக்கொண்டாள். பிறகு அடுப்பில் தண்ணீர் வைத்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து குடித்திருக்கிறோம். என் முன்னால் அவள் அந்த முந்தானையை இறக்கவே இல்லை.