என் கண்ணுக்கு அம்மா சொல்லாத சாட்சி

என் கண்கள் பழுப்பில் பச்சை கலந்தவை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நாவற்பழக் கறுப்பு. எண்பதுகளின் கடைசியில், ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில், இந்த வித்தியாசத்தை எடைபோடாத பெண்ணே இல்லை.

அங்கே ஒரு வழக்கம். கர்ப்பிணி இருக்கும் வீட்டில், காலண்டரிலிருந்து வெட்டிய கொழுகொழு குழந்தைப் படம் ஒன்று கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஏறிவிடும். பார்த்துக்கொண்டே இருந்தால் அதே முகத்தோடு பிறக்குமாம். அந்த நம்பிக்கையின் மறுபுறம் எங்கள் தலையில் விழுந்தது. நான் வயிற்றில் இருந்தபோது அம்மா யாரைப் பார்த்தாளோ?

நான் ப்ளஸ் டூ படித்த வருஷம், மாடி வீட்டு மருமகளுக்கு வளைகாப்பு. வளையலோடு அம்மா முன்னால் போனாள். பட்டாபிராமிலிருந்து வந்த கீழ்வீட்டு அத்தை குரல் கொடுத்தாள்:

"இன்னா யக்கா, நீ போட்டா அந்தப் புள்ளைக்கும் பூனைக் கண்ணு வந்துரப் போவுது! மாசமா இருக்க சொல்ல யாரைப் பாத்துகினு இருந்தே, அத்தச் சொல்லு மொதல்ல."

சிரிப்பு. நீட்டியிருந்த கையை அந்த மருமகள் மெல்ல மடிக்குள் இழுத்துக்கொண்டாள். அம்மா வளையலோடு நின்றாள். அந்தக் கை மறுபடி நீளாவிட்டால், இனி எந்த வீட்டு விசேஷத்துக்கும் அம்மாவை அழைக்க மாட்டார்கள். எனக்கு அது தெரியும். அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

நான் எழுந்தேன். கருமுட்டையும் விந்தும் உண்டாகும் குன்றல் பகுப்பை விலங்கியல் மிஸ் நடத்தி ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாடம் இன்னும் வாய்க்குள் சூடாக இருந்தது.

"பாத்தா கண்ணு வராது அத்தை. அப்பாகிட்ட கறுப்பு ஒண்ணு, பூனைக்கண்ணு ஒண்ணு. அம்மாகிட்டயும் அப்படியே. கறுப்பு வெளிய தெரியும், மத்தது உள்ள ஒளிஞ்சிருக்கும். கருமுட்டையும் விந்தும் உண்டாகும்போது ஜோடி பிரிஞ்சி பாதிதான் போகும். எந்தப் பாதின்னு யாராலயும் சொல்ல முடியாது. ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிருந்தது வந்து சேர்ந்தா, இந்தக் கண்ணு."

"அய்ய! வயசுப் பொண்ணு இன்னா பேச்சு பேசுது பாரு!" என்றாள் ஒருத்தி.

"பாதி வந்துச்சி, சரி. மீதிப் பாதி எங்கடி போச்சு, ரேஷன் கடைக்கா?" என்று இன்னொருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

கீழ்வீட்டு அத்தை மட்டும் சிரிக்கவில்லை. படிக்காதவள், என் வகுப்பில் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"உங்கப்பன்கிட்ட அது ஒளிஞ்சிகினு கீதுன்னு நீ எப்டி கண்டே?"

எப்படிக் கண்டேன்? என் கண் இப்படி இருப்பதால் அப்பாவிடம் இருந்திருக்க வேண்டும் என்றுதான். எதை நிரூபிக்க வந்தேனோ, அதை முதலிலேயே நம்பிவிட்டுத்தான் என் கணக்கே தொடங்கியது. கண் நிறத்தைப் பல ஜீன்கள் சேர்ந்து முடிவுசெய்கின்றன, பாடத்தில் சொன்னது சுருக்கம் என்று பின்னாளில் படித்தேன். அன்று அதுவும் தெரியாது.

"நீ உக்காரு," என்றாள் அம்மா. "சாட்சி சொல்ல உன்னை யாரு கூப்பிட்டா?"

அது கீழ்வீட்டு அத்தையின் பேச்சைவிடச் சுட்டது. இத்தனை வருஷம் அவள் ஒரு பதிலும் சொல்லாமல் இருந்ததை நான் பயம் என்று நினைத்திருந்தேன். பதில் சொல்வதே அந்தக் கேள்விக்குத் தரும் மரியாதை; அவள் அதைத் தர மறுத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கீழ்வீட்டு அத்தையின் பக்கம் திரும்பினாள்.

"யாரைப் பாத்தேன்னுதானே கேட்ட? மசக்கை முழுக்கக் குழாயடியில உன் மூஞ்சியைத்தான் பாத்தேன். நல்லவேளை, கண்ணோட போச்சு, மூஞ்சி வரல."

அறை வெடித்துச் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. மருமகளின் எதிரே மணையில் உட்கார்ந்து வளையலை விரலில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கெஞ்சவும் இல்லை, எழவும் இல்லை. அந்தப் பெண் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் ஜன்னலைப் பார்த்தாள்.

பிறகு அந்தப் பெண் வலது கையை நீட்டினாள். வளையல் ஏறியதும், யாரும் சொல்லாமலே, இடது கையையும் நீட்டினாள்.