கிருத்திகையன்று எழுதாத செலவு

பயம் எனக்கு முதலில் முழங்காலுக்குத்தான் வரும். மூளைக்கு வந்து சேரச் சற்றுத் தாமதமாகும். விற்பனை வரி அதிகாரி ஊரில் முகாம் போட்டிருக்கிறார், கணக்கை எடுத்துக்கொண்டு வரச்சொன்னார் என்று பியூன் வந்து சொன்னதும் முழங்கால் ஆட ஆரம்பித்துவிட்டது. மூளையோ, "வரம்புக்குள்தானே வியாபாரம், போய்க் காட்டிவிட்டு வா" என்று தைரியம் சொல்லி அனுப்பியது. இரண்டில் எது புத்திசாலி என்று அன்று சாயங்காலம் தெரிந்தது.

யுத்தம் முடிந்திருந்த சமயம். திருத்தணி மலையடிவாரத்தில் எனக்குத் தேங்காய், கற்பூரக் கடை. வருஷ விற்பனை ஒரு வரம்பைத் தாண்டினால்தான் வரி. தேங்காயும் கற்பூரமும் விற்று நான் அதைத் தாண்ட இன்னொரு ஜன்மம் வேண்டும். குடும்பம் நடந்தது காவடி வாடகையில். சொந்தக் காவடி இல்லாத பக்தர்கள் காவடியின் முழு விலையையும் ஈடாகக் கொடுத்துவிட்டு என் கடையில் எடுத்துக்கொள்வார்கள். மலையேறி நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டு இறங்கி வந்து காவடியைத் திருப்பித் தருவார்கள். நான் சில அணா வாடகை பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடுவேன். ஆடிக் கிருத்திகையன்று ஒரே காவடி பல தடவை மலையேறும். நான் ஒரு தடவைகூட ஏறமாட்டேன், மூச்சு வாங்கும்.

எங்கள் கடை வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. கிருத்திகையன்று கணக்கில் செலவு எழுதக்கூடாது. சுவாமி நாள், வரவு மட்டும்தான். அதனால் ஈட்டுப்பணம் முழுவதும் வரவில் ஏறும். திருப்பிக் கொடுத்ததோ பெட்டியிலிருந்து போகும், எழுத்தில் ஏறாது. கடை சாத்தும்போது கற்பூரம் ஏற்றி மொத்தத்தை உரக்கப் படிப்போம். அந்தத் தொகையைக் கேட்டு நானே என்னைப் பெரிய பணக்காரன் என்று நம்பித் தூங்கியிருக்கிறேன்.

அதிகாரியும் நம்பிவிட்டார்.

"இவ்வளவு காவடி வித்திருக்கீரே?" என்றார்.

"ஆங்," என்றேன். 'இல்லை' என்ற சொல் அந்த நேரம் பார்த்து எங்கேயோ போய்விட்டது.

"எல்லாம் ரொக்கமா?"

"ஆங்."

எதிரில் வைத்திருந்த தண்ணீரைக் குடித்தபிறகு கொஞ்சம் நிதானம் வந்தது. "வாடகைங்க. திருப்பிக் குடுத்துட்டேங்க" என்றேன்.

"எங்கே எழுதியிருக்கு?"

"கிருத்திகைங்க. எழுதக்கூடாதுங்க."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அழுதாவது பார்த்திருப்பேன். "பொருளைக் கொடுத்தீர், விலையை வாங்கினீர். அதுக்குப் பேரு விற்பனை. திருப்பிக் கொடுத்ததுக்குச் சாட்சி இருந்தா கொண்டு வாரும்" என்று பொறுமையாகச் சொன்னார். குடித்த தம்ளர் அவருடையது என்று அப்போதுதான் பார்த்தேன்.

சாட்சிக்கு எங்கே போவது? பள்ளிப்பட்டிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் மொட்டைத் தலையோடு வந்து காசு வாங்கிக்கொண்டு போனவர்களை, முடி வளர்ந்தபிறகு எனக்கு எப்படி அடையாளம் தெரியும்?

வீட்டில் மைத்துனன் உட்கார்ந்திருந்தான். பள்ளிப்பட்டில் புடவை வியாபாரம் செய்பவன். எல்லாவற்றுக்கும் வழி வைத்திருப்பான்.

"இன்னா பாவா, இதுக்குப் போயி நடுங்கிகினு கீறீங்க? பழைய தேதி போட்டு செலவ இப்ப எழுதிட்டா போச்சு."

"போடா," என்றாள் என் மனைவி. "உங்க பாவா நெஜத்த சொல்லவே வாய் குழறுது. பொய் எழுதினா மூஞ்சிலயே எழுதி ஒட்டிகினு போவாரு."

"அப்ப இன்னாதான் பண்றது?" என்றான் மைத்துனன்.

"நான் அப்பவே சொன்னேன், துண்டுக் காகிதத்துலயாவது கைநாட்டு வாங்கி வெய்யுங்கன்னு. சாமி கோச்சிக்குவாருன்னாரு. இப்ப சாமியா வந்து வரி கட்டப்போறாரு?"

நான் சாப்பிடுவதுபோல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டில் இன்னும் எதுவும் போடவில்லை.

உத்தரவு இங்கிலீஷில் வந்தது. அந்த வருஷம் நான் சம்பாதித்ததற்கு மேலேயே வரி. மேலே முறையிடலாம் என்று அதிலேயே போட்டிருந்தது. ஆனால் கெடுவுக்குள் முறையிட வேண்டும், ஆதாரமும் வேண்டும். கெடு பாதி, அதை யாரிடம் படிக்கச் சொல்வது என்று நான் பயந்ததிலேயே கழிந்தது. ஆதாரம் கடைசிவரை கிடைக்கவில்லை. என் போலக் கடை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஈட்டுப்பணத்துக்குத் தனி நோட்டுப் போடுங்கள். திருப்பும்போது, சுவாமி நாளாயிருந்தாலும், வாங்குகிறவர் கையெழுத்தையோ கைநாட்டையோ வாங்கிவிடுங்கள். வரவுக் கணக்கில் அதைக் கலக்கவே கலக்காதீர்கள். எந்தக் காகிதம் வந்தாலும் அன்றைக்கே படித்துவிடுங்கள். பயப்படுவதைப் பிறகு சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டப் பணம் இல்லை. இருந்தவை காவடிகள்தான். ஒரு நாள்கூட விற்காத காவடிகளுக்கு விற்றதாகப் போட்ட வரியைக் கட்ட, அவற்றை நிஜமாகவே விற்றேன். பக்கத்துக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். வளைவில் பித்தளை மயில் வைத்த பெரிய காவடியை எடுக்கும்போது மட்டும், "இத வேணா வெச்சிக்கிறியா?" என்று கேட்டார். ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன். அவர் கொடுத்த பணத்தை அன்றே விற்பனையில் எழுதினேன். எழுத்து தெளிவாகவே இருந்தது.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு ஈட்டுப்பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பழைய வாடிக்கைக்காரர்கள் வந்தார்கள்.

"காவடி இல்லீங்களா?"

பக்கத்துக் கடையைக் காட்டினேன். போகிறவர்களிடம் ஆளுக்கொரு தேங்காய் விற்றேன். தேங்காயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காசு கேட்க யாரும் மலையிலிருந்து இறங்கி வரவில்லை.